எல்லோரும் தாண்டிய பக்கம்

மின்நூல் வாசிப்பானின் திரையில், ஒரு சொல்லின் நடுவே சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. நான்கு கோடுகள். உள்ளே ஒன்றுமில்லை.

"இதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றான் செபஸ்தியான். "எலி கடிச்ச மாதிரி அங்கங்க ஓட்டையா இருக்கு. வேற காப்பி ஏத்திக் குடுக்கா."

தெல்மா தம்பியின் கையிலிருந்து அதை வாங்கி மேசை மேல் வைத்தாள். அவன் ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தான். கூடவே ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தும் இருந்தான்.

தூத்துக்குடி முக்குளிப்போர் சங்கத்தின் முன்னறையில்தான் அந்த மேசை. ஒரு காலத்தில் சங்கு குளித்தவர்களின் பிள்ளைகள் இப்போது கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் அடிக்கால்களைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். வேலைப் படகுகளில் வாசிப்பான்தான் வசதி. உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரியும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும், கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. அவற்றில் நூல்களை ஏற்றித் தருவது தெல்மாவின் வேலை. இலவச மின்நூல் தரும் தளங்களில் தேடி எடுப்பாள். வாசிப்பானைக் கம்பியால் கணினியோடு இணைத்தால் அது பென் டிரைவ் போலத் திறக்கும். நூலுக்கான அடைவில் கோப்பைப் போட்டு, முறையாக வெளியேற்றிவிட்டுக் கம்பியைக் கழற்றினால் முடிந்தது. நாவல், ஜெபப் புத்தகம், சமையல், பரீட்சைக்கு உதவும் நூல்கள் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் எல்லார் வாசிப்பானிலும் கேட்காமலே அவள் ஏற்றுவது ஒரு நூலைத்தான். அது முக்குளிப்போர் கையேடு.

கட்டம் இருந்தது அந்தக் கையேட்டில்.

"பழைய ரீடர்ல தமிழ்னா கட்டம் வரத்தானே செய்யும்? நானே சொல்லிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டியவள், பாதியில் நிறுத்தினாள். திரும்பப் பழைய பக்கத்துக்கு வந்தாள்.

"இதுல வரக்கூடாதே" என்றாள்.

போனை எடுத்து ஆவுடையப்பனுக்கு அடித்தாள். பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வாடிக்கையாளர் வராத நேரமெல்லாம் இலவச மின்நூல் செய்வார். கையேட்டைத் தட்டச்சு செய்து பிழை திருத்தியது தெல்மா. அதை மின்நூலாகக் கட்டியது அவர்.

"அண்ணாச்சி, நம்ம கையேட்டுல கட்டம் வருது."

"வராது."

"வருதுங்கேன்."

"வரவே வராதும்மா. கட்டம்னா என்ன? இன்ன எழுத்துன்னு மெஷினுக்குத் தெரியும், ஆனா வரையத் தெரியல. படம் இல்ல கையில. அதுக்குத்தான் நான் எழுத்துருவையே புத்தகத்துக்குள்ள வச்சு அனுப்புதேன். கல்யாணச் சமையலுக்குப் போறவன் பாத்திரத்தையும் கையோட கொண்டுட்டுப் போற மாதிரி."

"அப்ப ஏன் வருது?"

"இரு, சொல்லுதேன். முழு எழுத்துருவையும் வச்சா கோப்பு பெருத்துப்போகும், உங்க பழைய டப்பா ரீடரெல்லாம் மூச்சு வாங்கும். அதனால புத்தகத்துல என்னென்ன எழுத்து வருதோ அத மட்டும் வச்சுட்டு மிச்சத்த எடுத்துருவேன். சமையல்ல பாயசம் இல்லன்னா பாயச வாளி எதுக்கு? அப்போ என்ன அர்த்தம்? புத்தகத்துல இருக்குற எந்த எழுத்துக்கும் படம் இல்லாமப் போகாது. கட்டம் வரதுக்கு வழியே இல்ல."

"கஞ்சன்" என்றான் செபஸ்தியான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"யாரு, தம்பியா? கஞ்சத்தனம் இல்லடே, சிக்கனம். சரி, எந்தச் சொல்லுல வருது? வாசி."

தெல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "நைட்ர, அப்புறம் கட்டம், அப்புறம் ன். நைட்ரஜன்."

போனில் ஸ்டூடியோவின் மின்விசிறி மட்டும் கேட்டது.

"தெல்மா, டாக்டர் அந்தச் சொல்ல எழுதவே இல்லியே" என்றார் ஆவுடையப்பன்.

அவள் கை திரையிலிருந்து தானாக விலகியது. உண்மைதான். கையேட்டை எழுதிய மருத்துவர் இளஞ்சேரனார் பிடிவாதமான ஆள். ஜ, ஸ, ஹ எதுவும் அவர் பேனாவில் வராது. நைட்ரஜன் அவருக்கு வெடிவளி. இதற்காகவே சங்கத்துக்காரர்கள் அவரை 'வெடி டாக்டர்' என்று கேலி செய்வார்கள். இலக்கங்களும் கூடாது என்றவர் அவர். நனைந்த திரையில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், எண்ணை எல்லாம் எழுத்தில் எழுதுங்கள் என்பார். ஆகவே அந்த நூலின் எழுத்துருவில் ஜவும் கிடையாது, ஒரு இலக்கமும் கிடையாது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

"அப்ப இத எழுதுனது யாரு?" என்றாள்.

"மொத்தப் பத்தியையும் வாசி."

வாசித்தாள். "'ஒரே நாளில் மீண்டும் இறங்கும்போதும், மேலே சொன்னபடி நின்று நின்று ஏறிவர வேண்டும். உடலில் நைட்ரஜன் அளவு குறைய, கடைசி நிலையில்...' இங்க ரெண்டு கட்டம் இருக்கு அண்ணாச்சி. 'நிமிடம் போதுமானது.' அவ்வளவுதான். அடுத்தது முதலுதவி."

"ரெண்டாம் அட்டவணை எங்க?"

"இல்ல."

"ரெண்டு பக்கத்துக்கு நீளமா ஒரு எச்சரிக்கை இருக்குமே? பெரிய எழுத்துல?"

தெல்மா முன்னும் பின்னும் புரட்டினாள். அந்த நூலை அவள் மூன்று முறை பிழை பார்த்தவள். ஒவ்வொரு காலும் கொம்பும் அவள் கண்ணில் பட்டுப் போனவை. ஆனால் பிழை பார்க்கிறவள் எழுத்தைத்தான் பார்ப்பாள், பொருளைப் பார்க்க மாட்டாள். அங்கே என்ன எழுதியிருந்தது என்று இப்போது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

"இல்ல" என்றாள் மறுபடி.

தன் மேசைக் கணினியில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தாள். அதிலும் அதே மூன்று கட்டங்கள். சார்ஜுக்கு வைத்திருந்த இன்னொரு வாசிப்பானை எடுத்தாள். அதிலும்.

"அண்ணாச்சி, எல்லாத்துலயும் மாறியிருக்கு. நான் கம்பி போட்டு ஏத்துனது. யாரும் தொடல."

"போன மாசம் சங்கத்துல வைஃபை போட்டியளா?"

"படகுத்துறை வரைக்கும் எடுக்கும். ஏன்?"

"ஓடை" என்றார் ஆவுடையப்பன்.

ஓடை இலவச நூல்களுக்கான சேவை. இருப்பதிலேயே பெரியது. கையேடு இன்னும் பல ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கட்டும் என்று அவர்கள்தான் அதை அங்கேயும் ஏற்றினார்கள். வாசிப்பானோ கணினியோ இணையத்தைத் தொட்டதும், உள்ளே இருக்கும் நூல்களை ஓடை ஒருமுறை பார்க்கும். தன்னிடம் அதே நூலின் புதிய பதிப்பு இருந்தால் பழையதை எடுத்துவிட்டு அதை வைக்கும். பிழை திருத்தங்கள் தானாகப் போய்ச் சேரும் என்று அப்போது இருவருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"அவங்களுக்குப் பணம் எப்படி வருதுன்னு யோசிச்சியா?" ஆவுடையப்பன் வேகமாகப் பேசினார். பயந்துபோனால் இன்னும் விரிவாக விளக்குகிற மனிதர் அவர். "நன்கொடை குடுக்கிறவன் எத்தன பேரு இறக்குனாங்கன்னு கேக்க மாட்டான், எத்தன பேரு முழுசா வாசிச்சு முடிச்சாங்கன்னுதான் கேப்பான். பாதியில விட்டா கணக்கு இல்ல. அதனால இவன் ஒவ்வொரு பக்கத்துலயும் வாசகன் எவ்வளவு நேரம் நிக்கான்னு அளந்துட்டே இருப்பான். எந்தப் பக்கத்த எல்லாரும் சட்டுனு தாண்டுதாங்களோ அது தேவையில்லாத பக்கம். அத வெட்டிட்டு, முன்னையும் பின்னையும் ஒட்டுத மாதிரி மெஷினே ரெண்டு வரி எழுதிப்போடும். இலகு வாசிப்புன்னு பேரு. நான் ஏதோ கதைப் புத்தகத்துக்குத்தான்னு நெனச்சேன். அது கதை எது கையேடு எதுன்னு பாக்குமா?"

"யாரக் கேட்டு வெட்டுனான்?"

"நம்மளக் கேட்டுத்தான். யாரும் எடுக்கலாம், மாத்தலாம், பகிரலாம்னு முதல் பக்கத்துல உரிமம் போட்டது யாரு? நாமதான."

செபஸ்தியான் எழுந்து நின்றுவிட்டான். தெல்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னல?"

"அக்கா, எனக்குக் காது அடச்சிட்டுல்லா."

"ஆமா."

"நான் போகலல்லா. இன்னைக்கு மச்சான்தான் ரெண்டு இறக்கமும்."

மச்சான் என்று அவன் சொன்னது அவள் கணவர் சந்தியாகுவை. வழக்கமாக ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவார். அதனால்தான் அந்த இரண்டு பக்கத்துக்கு எப்போதாவதுதான் வேலை.

"ரெண்டாவது தடவ இறங்குனா என்ன வித்தியாசம்?" ஆவுடையப்பனுக்குக் கடல் தெரியாது.

செபஸ்தியான் போனைப் பார்த்துப் பேசினான். "சோடா பாட்டில் பாத்திருக்கியள்லா? மூடியிருக்கிற வரைக்கும் உள்ள ஒண்ணும் தெரியாது. சட்டுனு திறந்தா பொங்கும். ஆழத்துல நாம இழுக்கிற காத்து ரத்தத்துல அப்படித்தான் கரைஞ்சு கிடக்கும். மெதுவா, நின்னு நின்னு ஏறி வந்தா மூச்சோட போயிரும். அவசரப்பட்டா உள்ளுக்குள்ளயே பொங்கிரும். முட்டியில பொங்குனா வலி. முதுகுத்தண்டுல பொங்குனா..." அவன் வார்த்தையை முடிக்கவில்லை. சங்கத்து வாசலில் தினமும் சக்கர நாற்காலியில் வந்து உட்காரும் இருவரைத் தெல்மா சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். "மொதத் தடவ கரைஞ்சது சாயங்காலம் வரைக்கும் முழுசாப் போகாது. அதுக்கு மேல ரெண்டாந்தடவ இறங்குனா ரெண்டு மடங்கு. மொதல் அட்டவணைப்படி ஏறக் கூடாது. ரொம்ப நேரம் நிக்கணும்."

"அவருக்கு இது தெரியும்ல?"

"தெரியும். ஆனா கீழ இருக்கிறவன் கணக்குப் போடக் கூடாது அண்ணாச்சி. ஆழத்துல புத்தி கள்ளு குடிச்ச மாதிரி இருக்கும். தப்பு சரின்னு தோணும். மேல இருக்கிறவன் புஸ்தகத்தப் பாத்து மைக்குல சொல்லுவான், கீழ இருக்கிறவன் கேக்கணும். எதுத்துப் பேசுனா லைசென்ஸ் போயிரும்."

"மேல யாரு?"

"கிளாட்வின். புதுசு."

தெல்மா அதற்குள் உள்ளறையில் இருந்த ரேடியோ செட்டுக்கு ஓடியிருந்தாள். போனைச் செபஸ்தியான் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"அண்ணாச்சி, உங்க கணினியில மூலம் இருக்கா? ஓடை தொடாதது?"

"பழைய ஹார்டு டிஸ்க்குல இருக்கு. தேடுதேன். லைன்லயே இரு."

செட்டில் மூன்று முறை கூப்பிட்ட பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கிளாட்வின் பேசுதேன். யாரு?"

"தம்பி, நான் தெல்மா, சங்கத்துல இருந்து. இவுக எங்க?"

"அண்ணன் ஏறிட்டிருக்காருக்கா. வேலை முடிஞ்சிட்டு. மூணு பாகத்துல நிக்காரு, கடைசி நிலை. இன்னும் செத்த நேரத்துல மேல எடுத்துருவேன்."

மூன்று பாகம் என்றால் மூன்று ஆள் கை விரித்த அளவு ஆழம். வெளிச்சம் தெரியும். படகின் அடி தெரியும். அங்கிருந்து தலையை நீட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

"எடுக்காதிய! அங்கனயே நிக்கச் சொல்லுங்க. கையேடு தப்பு தம்பி. இது ரெண்டாவது இறக்கம், நேரம் பத்தாது."

"புக்குல இருக்கேக்கா. ரெண்டாவது தடவையும் மேல சொன்னபடின்னு. அண்ணனும் கேட்டாரு, தம்பி இது ரெண்டாவதுல்லான்னு. நான் வாசிச்சுக் காட்டுனேன். சரின்னுட்டாரு."

அவர் கேட்டிருக்கிறார். பிறகு சரி என்று சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பத்தி டாக்டர் எழுதுனது இல்ல. மெஷின் எழுதுனது."

"அக்கா, இது போன வாரம் அப்டேட் ஆனது, தேதி போட்டிருக்கு. நீங்க பழசப் பாத்துட்டுச் சொல்லுதிய. எது புதுசோ அதத்தான பாக்கணும்? இங்க நீவாடு வேற ஏறிட்டு, தண்ணி இழுக்குது, அண்ணன் கயித்தோட சாயுதாரு. இந்த இழுப்புல நிக்க வச்சா கை சோர்ந்துரும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரேடியோல ஒருத்தர் சொன்னாங்கன்னு நான் புக்க மீற முடியுமா?"

அவன் சொல்வதில் தப்பில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவன் சொல்கிறான். புத்தகத்தை நம்பு, புதிய பதிப்பை நம்பு, வீட்டுக்காரர்களின் பதற்றத்தை நம்பாதே. தெல்மா கண்ணை மூடினாள். இரைச்சலுக்குள் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. சந்தியாகுவின் மூச்சு அந்தச் சத்தத்தின் மறுமுனையில் இருந்தது.

"தம்பி" என்றாள் மெதுவாக. "நீங்க வாசிச்ச பக்கத்துல கட்டம் இருக்கா?"

"கட்டமா?"

"நைட்ரஜன்கிற சொல்லுல ஒண்ணு. நிமிடத்துக்கு முன்னாடி ரெண்டு. இருக்கா இல்லையா?"

"...இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தன நிமிடம்னு இருக்கு?"

"தெரியலக்கா, கட்டமால்லா இருக்கு. மேல அட்டவணையில பத்துன்னு இருந்துச்சு. அதான், அதே பத்துன்னு நானா..."

அவன் குரல் நின்றுவிட்டது. அவன் சொன்னது அவனுக்கே இப்போதுதான் கேட்டது போலிருந்தது.

"தம்பி, அந்தப் புத்தகத்துல டாக்டர் எழுதுன எந்த எழுத்தும் கட்டமா வராது. அவரு எழுதுன எழுத்துக்கெல்லாம் அச்சு உள்ளயே இருக்கு. கட்டம் வந்தா அது அவரு எழுதாதது. வேற யாரோ நடுவுல வந்து எழுதிட்டுப் போயிருக்கான். முன்னாடி பின்னாடி பக்கமெல்லாம் புரட்டிப் பாருங்க, வேற எங்கயாவது ஒரு கட்டம் இருக்கான்னு."

கடலின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. செபஸ்தியான் சுவரைப் பார்த்து நின்றான். போனுக்குள் ஆவுடையப்பன் எதையோ உருட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றான் கிளாட்வின். "வேற எங்கயும் இல்ல. இந்தப் பத்தியில மட்டும்தான்." பிறகு அவன் வேறு பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது. "அண்ணே! நில்லுங்க! ஏறாதிய! அங்கனயே நில்லுங்க!"

"கிடைச்சிட்டு!" என்றார் ஆவுடையப்பன் போனில். "வாசிக்கேன், சொல்லு."

அவர் வாசித்தார். தெல்மா செட்டில் திருப்பிச் சொன்னாள். கிளாட்வின் ஒவ்வொரு வரியையும் கேட்டு உறுதி செய்தான். டாக்டரின் பழைய, கறாரான தமிழ் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கடலுக்கும் போயிற்று. ஒரே நாளில் மீண்டும் இறங்கியவன் முதல் அட்டவணையைத் தொடக்கூடாது. முதல் இறக்கத்தின் வெடிவளி உடலில் எஞ்சியிருக்கிறது என்று கொள்க. ஆழத்தையும் இடைவெளியையும் கொண்டு இரண்டாம் அட்டவணையில் காண்க. அப்படிப் பார்த்தபோது, சந்தியாகு மூன்று பாகத்தில் முக்கால் மணிக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று வந்தது. அவரை மேலே எடுக்கக் கிளாட்வின் ஆயத்தமானபோது அதில் கால்பங்குகூடக் கழிந்திருக்கவில்லை.

காத்திருந்தார்கள். அதைவிட வேறு வழியில்லை.

"அண்ணன் கேக்காரு, எதுக்கு இவ்வளவு நேரம்னு" என்றான் கிளாட்வின் நடுவில்.

"காரணம் சொல்லாதிய. பயந்தா மூச்சு வாங்கும். நில்லுங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நீவாடு இழுக்குதுக்கா. கயித்தக் கால்ல சுத்திக்கிட்டாரு."

தெல்மா செட்டின் பிடியை இறுக்கிக்கொண்டாள். அவள் மனம் இப்போது வேறு படகுகளுக்குப் போயிற்று. ராமேஸ்வரத்தில், நாகப்பட்டினத்தில், கடல் கடந்து இந்த நூலை இறக்கிக்கொண்ட ஊர்களில், யாரோ ஒருவன் இந்த நேரத்தில் அதே பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். கீழே இருப்பவன் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சந்தியாகு படியேறி வந்ததைக் கிளாட்வின் சொன்னபோது அவன் அழுதுகொண்டிருந்தான். தோளில் லேசான குடைச்சல், மற்றபடி கைகால் அசைகிறது, உயிர்வளி முகமூடி போட்டிருக்கிறோம் என்றான். டாக்டரின் சொல்லையே அவன் பயன்படுத்தினான். அப்படிச் சொன்னதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்றே தெல்மா சங்கத்து வைஃபையைப் பிடுங்கிப் போட்டாள். எல்லா வாசிப்பானிலும் மூலத்தைக் கம்பி வழியாக ஏற்றினாள். ஆவுடையப்பன் ஓடைக்கு விளக்கமாக எழுதினார். உடனே பதில் வந்தது. மனிதர் எழுதியதல்ல. 'இலகு வாசிப்புக்குப் பிறகு உங்கள் நூலை முழுமையாக வாசித்து முடித்தோர் எண்ணிக்கை இரட்டிப்பாகியுள்ளது. வாழ்த்துகள்!' நூலையே எடுத்துவிடக் கேட்டார்கள். திறந்த உரிமத்தில் தந்ததைத் திரும்பப் பெற முடியாது என்றது அடுத்த பதில். எடுத்தாலும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பிரதிகளை யார் போய்த் தொடுவது?

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து சந்தியாகுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலை ஆவுடையப்பன் பழக்கூடையோடு வந்தார். டீ குடித்துக்கொண்டே தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நூலை ஏற்றியவர்களுக்கு ஓடை காட்டும் வரைபடம் அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு, வாசகர்கள் நின்ற நேரத்துக்கு ஏற்ற உயரத்தில்.

"இங்க பாருங்க, சந்தியாகு. அந்த ரெண்டு பக்கத்துல கோடே இல்ல. தரையோட தரையா கிடக்கு. யாரு இப்படித் தாண்டுனான்னு எனக்கு ஆத்தாமை. கடல் தெரியாதவன் எவனோ பொழுதுபோக்குக்கு இறக்கியிருப்பான்னு நெனச்சேன். ஊர் வாரியாப் பாத்தா, முக்கால்வாசி இந்த ஊருதான். உங்க சங்கத்து ரீடரெல்லாம்."

சந்தியாகு சிரித்தார். "ஆமா. அத எவன் வாசிப்பான்?"

தெல்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, அது எங்க எல்லாருக்கும் மனப்பாடம்லா. ரெண்டாம் இறக்கம்னா ரெண்டாம் அட்டவணை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தெரிஞ்சத எதுக்கு வாசிக்கணும்? அந்தப் பக்கம் வந்தா சட்டுனு புரட்டிருவேன். செபஸ்தி புரட்டுவான். எல்லாரும்தான்..."

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

நூலில் மிக நன்றாகத் தெரிந்த பக்கம் அதுதான். அதனால்தான் அது போயிற்று. ஒருவருக்கும் வேண்டாத பக்கத்துக்கும், எல்லோருக்கும் உயிரோடு கலந்துவிட்ட பக்கத்துக்கும் அந்த மெஷினின் கணக்கில் ஒரே கோடுதான்.

"மூணு பாகத்துல நிக்கும்போதே எனக்குத் தோணிச்சு" என்றார் சந்தியாகு கடைசியில். "தப்புன்னு. ஆனா கீழ இருக்கும்போது தோணுறதத்தான் நம்பக் கூடாதே."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு. வெட்டுனத அது திரும்பவும் சேர்க்கும். மூலப் பதிப்ப ஓடையில புது நூலா ஏத்தியாச்சு. அதுல அந்தப் பக்கத்துல நிறையப் பேரு நின்னா கோடு உயரும். உயர்ந்தா முக்கியமான பக்கம்னு எடுத்துக்கும், பழைய பிரதிக்கெல்லாம் அதுவே அப்டேட்டாப் போகும். ஆனா சும்மா திறந்து வச்சிட்டுப் போகக் கூடாது. ரொம்ப நேரம் அசையாம இருந்தா தூங்கிட்டான்னு விட்டுரும். சீக்கிரம் புரட்டுனா வேண்டாம்னு நெனச்சுக்கும். வாசிக்கிற வேகத்துல, தொட்டுத் தொட்டு, நின்னு நின்னு போகணும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முக்குளிப்போர் எல்லாரும் சங்கத்து முன்னறையில் கூடினார்கள். அதற்கென்றே வைஃபையைத் தெல்மா மறுபடி இணைத்தாள். ஆளுக்கொரு வாசிப்பான். கிளாட்வினும் வந்திருந்தான். தெரிந்த பக்கத்தைத் தெரியாதது போல வாசிப்பது எவ்வளவு கடினம் என்று அன்று எல்லாருக்கும் புரிந்தது. விரல்கள் தாமாகப் புரட்டப் போயின. "ஏல, கையக் கட்டுல" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள். செபஸ்தியான் பரீட்சை எழுதுகிறவன் போல உதட்டை அசைத்துக்கொண்டே வாசித்தான்.

தெல்மா தன் மேசையில் வேறொரு நூலைத் திறந்து வைத்திருந்தாள். அம்மாவுக்காகப் போன வருடம் எங்கிருந்தோ இறக்கிய சர்க்கரை நோய்க் கையேடு. ஆவுடையப்பன் கட்டியதல்ல. முழு எழுத்துருவும் உள்ளே இருந்தது, எல்லா எழுத்துக்கும் படம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். எங்கும் ஒரு கட்டம்கூட இல்லை. வரிகள் வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. அம்மா தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் அளவு அந்த நூலைப் பார்த்துத்தான்.

இதில் யார் நடுவே வந்து எழுதியிருந்தாலும் கட்டம் வராது.

"தெல்மா" என்று எதிரிலிருந்து சந்தியாகு கூப்பிட்டார். அவர் விரல் திரையின் ஓரத்தில் தயங்கி நின்றது. "போதுமா? புரட்டட்டுமா?"

"நில்லுங்க" என்றாள் அவள். "அங்கனயே நில்லுங்க. நான் சொல்லுதேன்."